காசு ஏறும் வரை

தேசம்மாவின் கணவன் கன்னியப்பன் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். கட்டிப்பிடித்து அழ வந்த பெண்களை விலக்கிவிட்டு அவள் கல் மாதிரி நின்றாள்.

"ஒரு சொட்டு கண்ணீர் வுடுறாளா பாரு!" என்றாள் நாத்தனார் சரசு.

கந்துவட்டிக்காரர்களிடமிருந்து ஏழைகளைக் காப்பாற்றும் புது வங்கிக் கணக்கு, போனிலேயே பேசுவது, அந்தத் தெருவில் முதல் ஆளாக தேசம்மாவுக்குத்தான் கிடைத்தது. பணம் கட்ட வேண்டுமென்றால் அதனிடம் வாயால் சொல்ல வேண்டும். குரல் தழுதழுத்தால், யாரோ மிரட்டிப் பிடுங்குகிறார்கள் என்று ஒரு நாள் முழுக்கப் பூட்டிக்கொள்ளும். நேற்று கணவனின் ஊசிக்குப் பணம் கட்டும்போது மருந்துக்கடையிலேயே அழுதுவிட்டாள். இன்று கணக்கு திறந்தபோது, ஊசி போட்டுக்கொள்ள ஆளில்லை.

சவ வண்டி ஓட்டுநர் வந்து நின்றார். "காசு போட்டா எடுத்துடலாம்மா."

தேசம்மா போனை வாயருகே கொண்டுபோய், வண்டிக்குக் காசு அனுப்பச் சொன்னாள்.

"வணக்கம் அம்மா. நிம்மதியாக இருக்கிறீர்களா?" என்று கேட்டது கணக்கு.

"நிம்மதியா கீறேன்" என்றாள், பிசிறில்லாத குரலில்.

ஒப்பாரி சட்டென்று நின்றது. அத்தனை பெண்களும் அவளையே பார்த்தார்கள்.

"வந்துட்ச்சும்மா" என்றார் ஓட்டுநர்.

அதற்குமேல் அவளால் முடியவில்லை. பெட்டியின் மேல் விழுந்து கதறினாள். இப்போது கட்டிப்பிடிக்க ஒருத்தியும் வரவில்லை.