அம்மாவுக்குப் பக்கத்து இடம்

அப்பாவைக் குழிக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டோம். என் மகள் யோகப்பிரியாவை இன்னும் காணவில்லை.

காலை எட்டு மணிக்கு எஸ்டேட் லயத்து வீட்டிலிருந்து கிளம்பிப் போனவள். தாத்தாவின் உடம்பு வாசலில் கிடக்கும்போது, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல். இப்போது மணி மூன்று. போனையும் அணைத்து வைத்திருந்தாள்.

"வந்துருவா, கொஞ்சம் பொறுங்க" என்றாள் என் மனைவி இந்து.

 வாயைத் திறந்தால் எல்லோர் முன்னாலும் கத்திவிடுவேன்.

நேற்று மாலையிலிருந்தே எனக்கு ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது. அப்பாவின் உயிர் போன ஒரு மணி நேரத்தில் எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். எஸ்டேட் இடுகாட்டில் எங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் குழி வெட்ட அனுமதி கேட்டேன். அப்பா கடைசியாகக் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

சூப்பர்வைசர் ஜோமோன் மானேஜர் அறைக்குள் போய்விட்டு, என் முகத்தைப் பார்க்காமல் திரும்பி வந்தார்.

"புது உத்தரவு, வேல்முருகா. ரோல்ல பேருள்ள தொழிலாளி, இல்லைன்னா அவங்களோட ஆசிரிதர். அவங்களுக்கு மட்டும்தான் இங்க அடக்கம். உங்க வீட்டுல இப்ப யாரும் ரோல்ல இல்லையே."

ரோல் என்றால் தொழிலாளர் பதிவேடு, ஆசிரிதர் என்றால் தொழிலாளியை அண்டிப் பிழைக்கும் குடும்பத்து ஆள். ஆபீஸ் பாஷை.

அப்பா பெரியமுத்து பதினோரு வயதில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கேரளத்து ஏலப்பாறைக்கு மலையேறி வந்தவர். நாற்பத்தேழு வருடம் தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடியில் நின்றார். அவர் ஓய்வு பெற்று இருபத்தெட்டு வருடம் ஆகிறது. நான் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறேன். முட்டி தேய்ந்துபோன இந்துவின் பெயரைப் போன வருடம் ரோலிலிருந்து அடித்துவிட்டார்கள்.

பாதி மலை கொழுந்தெடுக்க ஆள் இல்லாமல் காடாகிக் கிடக்கிறது. அப்பாவுக்கு ஆறடி இடம் இல்லையாம்.

மானேஜர் அறைக் கதவை எட்டி உதைத்தேன். வாட்ச்மேன்கள் என்னைப் பிடித்து வெளியே தள்ளினார்கள்.

இன்று காலை பத்து மணிக்கு ஜோமோனே லயத்துக்கு வந்து, "குழி வெட்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் போய்விட்டார். யூனியன் பேசியிருக்கும் என்றார்கள். யூனியன் தலைவர் செங்கோட்டையனின் கையைப் பிடித்து நான்கு பேர் நன்றி சொன்னார்கள். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. துண்டைச் சரி செய்துகொண்டார்.

இப்போது அவர்தான் குழிக்கரையில் நின்று பேசிக்கொண்டிருந்தார். பெரியமுத்தண்ணன் நல்ல தொழிலாளி, நல்ல தகப்பன் என்றார்.

இவருக்கு என்ன தெரியும்?

எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, மழையில் பஸ் ஓடாத நாளில், என்னை முதுகில் கட்டிக்கொண்டு பீர்மேடு வரை நடந்தவர் அப்பா. அம்மா போனபிறகு பேத்தியே உலகம் என்று ஆனார். அவள் பள்ளிக்கூடம் போகும் ஒற்றையடிப் பாதையில் முன்னால் நடப்பார். பஸ் வந்து நிற்கும்போதும் குனிந்து, அவள் காலில் அட்டை ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவார். அவள் கோட்டயத்தில் நர்சிங் படித்த நான்கு வருடமும் மாதம் ஒருமுறை அவித்த கப்பைக் கிழங்கோடு ஹாஸ்டல் வாசலில் போய் நின்றார்.

ஒரே ஒரு முறைதான் அவளிடம் கோபப்பட்டார். ஆறு வயதில் இந்துவின் கொழுந்துப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு விளையாடினாள். அப்பா அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டுவிட்டார்.

"எம்பேத்தி கையில கொழுந்து படக்கூடாது" என்றார்.

வரும் திங்கட்கிழமை அவள் எர்ணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர வேண்டும். டீக்கடையில் அப்பா அதைச் சொல்லாத ஆள் பாக்கி இல்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குப் பக்கத்தில் ஒரு பகல் உட்கார அவளால் முடியவில்லை.

மூன்றேகாலுக்கு மேட்டுப் பாதையில் இறங்கி வந்தாள். தலை கலைந்து, செருப்பெல்லாம் சேறு. நான் நேராகப் போய் அவள் கன்னத்தில் அறைந்தேன். கூட்டம் அப்படியே நின்றது. இருபத்திரண்டு வருடத்தில் அவளை நான் தொட்டு அடித்ததில்லை.

"எங்கடி போய்த் தொலஞ்ச?"

அவள் அழவில்லை. என்னைத் தாண்டிப் போய்த் தாத்தாவின் காலடியில் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் அவர் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் தூக்கும்வரை விடவில்லை.

மண் தள்ளி முடிந்ததும் ஜோமோன் அடக்கப் பதிவுப் புத்தகத்தோடு வந்தார். மகன் என்ற முறையில் நான் பேனாவுக்குக் கை நீட்டினேன்.

"நீங்க இல்ல, வேல்முருகா. ரோல்ல உள்ள ஆளுதான் போடணும்."

பேனா என்னைக் கடந்து போனது. அதை வாங்கிய விரல்களில் நகக்கண் வரை இலைக்கறை கறுத்திருந்தது.

அவள் கையெழுத்துப் போடும்போது பக்கத்தை எட்டிப் பார்த்தேன். பெயர், பெரியமுத்து. வயது, எண்பத்தாறு. யாருடைய ஆசிரிதர் என்ற இடத்தில், யோகப்பிரியா, கொழுந்தெடுக்கும் தொழிலாளி, வேலையில் சேர்ந்தது இன்று காலை ஒன்பதரை.

ஜோமோன் புத்தகத்தை மூடினார். குரலைத் தாழ்த்தி அவளிடம் மட்டும் சொன்னார்.

"உன் அசல் நர்சிங் சர்டிபிகேட் எல்லாம் மானேஜர் சாரோட அலமாரியில பத்திரமா இருக்கு, மோளே. ரெண்டு வருஷம் இங்க வேலை செஞ்சு முடிச்சதும் தந்துருவாரு. நாளைக்கும் ஏழரைக்கு மலைக்கு வந்துரணும்."