கயிற்றில் கோத்த சிரட்டை

“சிரட்டையக் கோக்கணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா…”

“வருசா வருசம் உங்கண்ணங்கூட மலையேறி என்னத்தப் பாத்த?”

“அண்ணன் பையக் கட்டுறதுக்குள்ள நான் தூங்கிருவேன், மதினி.”

கம்பத்திலிருந்து மலைக்கோயிலுக்கு நடந்து போகும் பாதிவழியில், விடிந்ததும் தொடங்கிய சண்டை. மாவிளக்கு மாவும் புளிச்சோறும் இருந்த பையை, முந்தின இரவு சுரேஷ்கண்ணன் வெறுங்கயிற்றில் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டிருந்தான். கயிற்றின் நடுவே தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்துக் கோத்தால்தான் எலி இறங்காது. எலி வாய் வைத்த மாவு சாமிக்கு ஆகாது. போன வருடம் இறந்துபோன அண்ணன் தங்கப்பாண்டியின் நேர்த்திக்கடன் இது. அவன் மனைவி மாரீஸ்வரி அதை முடிக்க வந்திருந்தாள்.

இருவரும் மரத்தடிக்குப் போனார்கள். கயிற்றின் நடுவே ஒரு சிரட்டை கவிழ்ந்திருந்தது. பையில் ஒரு பல்தடம்கூட இல்லை.

சுரேஷ்கண்ணன் பையை இறக்கினான். கம்பியைக் காய்ச்சிச் சிரட்டையில் துளை போடுவது தங்கப்பாண்டியின் வழக்கம். மாரீஸ்வரி துளையின் விளிம்பைத் தொட்டாள். சூடு இன்னும் ஆறவில்லை.

அவள் புளிச்சோற்றைப் பிரித்து மூன்று இலைகளில் வைத்தாள். பிறகு மரங்களைப் பார்த்துக் கேட்டாள்:

“சாப்பிட்டுட்டு, விளக்கேத்துற வரைக்கும் கூட வாரீகளா?”