திரும்பிக்கொண்டிருந்தவள்

கணினியில் சேமித்த எந்தக் கோப்பைத் திறந்தாலும் உள்ளே ஏதோ மாறியிருந்தது. அந்தக் கோளாறைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு தேடிய பொறியாளர், சோதனைக்காக, இறந்துபோன தன் மனைவியின் படத்தையும் சேர்த்துக்கொண்டார். கடலைப் பார்த்து, முதுகு காட்டி நிற்கும் படம். மற்ற கோப்புகள் குப்பையாகின. படத்தில் மட்டும், சேமிக்கச் சேமிக்க அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினாள்.

“அண்ணா, தப்பு சிக்கிடுச்சு! புரோகிராம்ல ஒரே வரிதான். திருத்திடவா?” என்றாள் பக்கத்து மேசைப் பெண்.

“ஒரு நிமிஷம்மா.”

எத்தனையோ பேருடைய கோப்புகள் பாழாவது அவருக்கும் தெரியும். கடைசியாக ஒருமுறை சேமித்தார். கன்னத்து மச்சம் வரைக்கும் தெரிந்தது.

“சரி, திருத்திடு.”

அதன்பின் எதுவும் கெடவில்லை. மனசு கேட்காமல் படத்தைத் திறந்தார். அவள் முழுதாகத் திரும்பி, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து, கூப்பிட்டது யாரென்று தேடிக்கொண்டிருந்தாள்.