கொதிக்க வைத்த தண்ணீர்

குழந்தையின் உதடுகள் மறுபடியும் நீலமாக இருந்தன.

அவள் விரலால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. நகங்களைப் பார்த்தாள். அவையும் அப்படியே.

அடுப்படியில் அப்பா பால்புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எந்தத் தண்ணியிலங்ப்பா பால்மாவு கலக்குனீங்க?"

"கேன் தண்ணி தீந்துபோச்சு கண்ணு. புள்ள பசியில கத்துச்சு. நீ அசந்து தூங்கிட்டிருந்த." அவர் குரலில் லேசான பெருமை இருந்தது. "நம்ம கெணத்துத் தண்ணிதான். நல்லாத் தளதளன்னு கொதிக்க வெச்சுத்தான் கலக்குனேன்."

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

பிரசவத்துக்கு வந்தவள். போன மாதமும் இதே நீலம். வெங்காயத்துக்குப் போடும் உரம் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றில் கலக்கிறது என்று டாக்டர் படம் வரைந்தே காட்டினார். பெரியவர்கள் தாங்கிக்கொள்வார்கள். கைக்குழந்தையின் ரத்தம் தாங்காது. கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது கூடத்தான் செய்யும்.

அப்பாவும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள். சோறு போடும்போது சொன்னாள். உரமூட்டை வந்து இறங்கிய அன்றும் சொன்னாள்.

"கொதிக்க வெச்சாப் போகாதுன்னு இன்னும் எத்தன தடவங்ப்பா சொல்றது?"

அவர் குடத்தில் ஒரு சொம்பு மொண்டு, அவள் முன்னால் நின்றே அண்ணாந்து குடித்தார்.

தண்ணீர் அத்தனை தெளிவாக இருந்தது.

"இதக் குடிச்சுத்தான் நீ வளந்த."

அவள் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள். சட்டைப் பொத்தானைப் போட்டபடியே அவர் பின்னால் ஓடிவந்தார். அந்த வழியாக வந்த ஆட்டோவை அவர்தான் மறித்தார்.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் ரத்தம் எடுத்தார்கள்.

காப்பி நிறத்தில் இருந்தது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஆக்சிஜன் வைத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். பொழுது சாய்வதற்குள் உதடு சிவந்துவிட்டது. இனிப் பயமில்லை என்றாள் நர்ஸ்.

வெளியே பெஞ்சின் மறுகோடியில் அப்பா உட்கார்ந்திருந்தார். அவள் இந்தக் கோடியில் உட்கார்ந்தாள். அவளுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

அவர் போன் அடித்தது.

பக்கத்துத் தோட்டத்துத் துளசியக்கா. மருமகள் பிள்ளை பெற்று வந்திருக்கிறாள், அவசரமாக இவர்கள் கிணற்றில் இரண்டு குடம் தண்ணீர் பிடிக்க வேண்டும், மோட்டாரை யார் போட்டுவிடுவார்கள் என்று கேட்டாள்.

அவர் மகளைப் பார்க்காமல் சொன்னார்.

"மோட்டாரு கெட்டுப்போச்சுங்க்கா."

அதற்கென்ன, மகனை அனுப்பிச் சரிபண்ணச் சொல்கிறேன் என்றாள் துளசியக்கா. அது பெஞ்சின் இந்தக் கோடி வரை கேட்டது.

அவள் போனுக்காகக் கையை நீட்டினாள்.

அவர் தரவில்லை. எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். துளசியக்கா அந்தப் பக்கம் அலோ, அலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"கெட்டது மோட்டாரு இல்லீங்க்கா," என்றார்.