பெயர்கள் ஓடும் நேரம்

டீயில் சர்க்கரை கம்மி என்று சொல்லக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார், சிரிப்புப் பேய்க்கதைகள் எழுதும் எழுத்தாளர்.

"என்னங்க, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள் மனைவி.

"பதிப்பாளர் போன் பண்ணார். புதுப் புத்தகத்துல, வாடகைக்கு வீடு பார்க்க வந்த பேய், 'இங்க மனுஷங்க தொல்லை இல்லையே?'ன்னு கேட்குதில்ல? அது நான் தினமும் பார்க்கிற பழைய டிவி தொடர்ல வந்ததாம்."

"வந்ததுதான்."

"தெரிஞ்சு திருடலடி. பார்த்துப் பார்த்து மனசுல ஒட்டிக்கிச்சு. தொடரை எழுதினவங்க கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதம் நாளைக்குள்ள வேணுமாம். இல்லன்னா புத்தகமே வராது. திருடன்னு பேராயிடும். யார் எழுதினதுன்னே தெரியலையே."

தொடர் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் டிவியை அணைத்துவிட்டு எழுத உட்காருவது அவர் வழக்கம்.

அவர் தயாராக வைத்திருந்த கடிதத்தை அவள் எடுத்துப் படித்தாள். அடியில் கையெழுத்துப் போட்டாள்.

"விளையாடாதே. எனக்கு இங்க உயிர் போகுது."

அவள் ரிமோட்டை எடுத்து, பதிவு செய்து வைத்திருந்த தொடரைக் கடைசிவரை ஓட்டினாள். பெயர்கள் மேலேறின. 'கதை, வசனம்' என்பதற்குக் கீழே, கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியலோடு அவள் பெயர்.



"டிவி ஸ்டேஷன்ல டைப்பிஸ்ட்டா இருந்தேன்னுதானே சொன்ன? ஏன் மறைச்ச?"

"இந்த வீட்டுல நீங்க குறை சொல்லாம ரசிச்சது அது ஒண்ணுதான். நான் எழுதினதுன்னு தெரிஞ்சா, அதுலயும் சர்க்கரை கம்மின்னுதான் சொல்லியிருப்பீங்க."