மூன்று பேர் திருப்பிக் கொடுத்த கேமரா

கனமான கேமராவின் திருகை ஒரு சுற்றுச் சுற்றியதுமே எனக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது.

ஜன்னலோரம் இரண்டு ட்ரைபாட்களில் இரண்டு டெக்னிகல் கேமராக்கள் நின்றன. இரண்டும் பழையவை. தாராவியில் கேமரா பழுது பார்க்கும் மாரிக்கண்ணன் காலையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். சாயங்காலத்துக்குள் ஒன்றை நான் எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றது அவனோடு போய்விடும்.

கட்டடங்களைப் படம் எடுப்பது என் பிழைப்பு. சுவர்கள் சாயாமல் தெரியவேண்டும் என்றால் இந்த வகைக் கேமராதான் சரி. பின்பக்கத்து மங்கல் கண்ணாடியில் படம் தலைகீழாக விழும். தரை மேலே, வானம் கீழே. இருபது வருடமாக அப்படியே பார்த்துப் பழகிவிட்டேன்.

லேசான கேமரா முதலில் சமர்த்தாகத்தான் இருந்தது. திருகிலிருந்து கையை எடுத்ததும் லென்ஸ் ஒரு நூலளவு கீழே இறங்கியது. ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

கனமானதோ விட்ட இடத்தில் நின்றது. பித்தளைப் பற்கள் ஒன்றோடொன்று சத்தமே இல்லாமல் பொருந்தின. தூக்கினால் இடுப்பு போய்விடும், அது ஒன்றுதான் குறை.

மாரிக்கண்ணன் படியிறங்கும்போது சொன்னது மட்டும் உறுத்தியது. “யக்கா, கனமா இருக்கதை மூணு பேரு வாங்கிட்டுப் போயி திருப்பிக் குடுத்துட்டாவ. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டக்காவ.”

அந்த மூன்று பேருக்கும் கேமராவைக் கையாளத் தெரியவில்லை என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

லென்ஸின் கூர்மையைப் பார்க்க ஒரு வழி உண்டு. எதிரே தூரத்துச் சுவரில் செய்தித்தாளை ஒட்டி, எழுத்து எவ்வளவு தெளிகிறது என்று பார்ப்போம். பாங்க் லீவு என்பதால் என் வீட்டுக்காரர் வைத்தீஸ்வரன் அந்த வேலைக்குத் தாமாகவே கிளம்பினார்.

எதிர்ச்சாரியில் இருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். குடியிருந்தவர்கள் போய்விட்டார்கள். பால்கனிக் கம்பிகளையும் பழைய இரும்பு வாங்கும் பங்கார்வாலா அறுத்துக்கொண்டு போய்விட்டான். விளிம்புப் பக்கம் வரக்கூடாது என்று பத்துத் தடவை சொல்லித்தான் அனுப்பினேன்.

அவருக்கு இடது காது மந்தம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “கத்தாதே, கேட்டியா? ரோட்டுச் சத்தத்துல ஒண்ணும் காதுல விழாது. கையைக் காட்டு, போறும்.”

நான்காவது மாடிப் பால்கனியில் அவர் வந்து நின்றதும், வெளிச்சம் மறைக்கக் கேமராவின்மேல் போர்த்தும் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தேன்.

முதலில் லேசான கேமரா. கட்டடம் தலைகீழ், அவரும் தலைகீழ். முதுகைக் காட்டிக்கொண்டு உள்சுவரில் தாளை ஒட்டிக்கொண்டிருந்தார். தலைப்பு எழுத்துகள் சுமாராகத் தெரிந்தன.

பிறகு கனமானது. என்ன தெளிவு! சுவரின் விரிசல்கள்கூடத் தெரிந்தன. அவரும் பளிச்சென்று தெரிந்தார். என்னைப் பார்த்துத் திரும்பி, நேராக நின்றுகொண்டிருந்தார். வலது கை தலையோரம் இருந்தது. எனக்கு சலாம் போடுகிறாராம். ஒரு காலில் செருப்பைக் காணோம்.

எனக்குச் சிரிப்பு வந்தது.

நேராக நிற்கும் மனிதரைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? தப்பு எங்கே என்று புரிய எனக்குச் சில விநாடிகள் ஆயின.

துணியை விலக்கிப் பார்த்தேன். எதிரே அவர் முதுகைக் காட்டித்தான் நின்றார். இரண்டு காலிலும் செருப்பு இருந்தது. தாளின் கடைசி மூலையை அழுத்திக்கொண்டிருந்தார்.

லேசான கேமராவில் பார்த்தேன். அதே முதுகு, தலைகீழாக.

மறுபடி கனமானதில் பார்த்தேன். கட்டடம் தலைகீழ். கீழே தெருவில் நிற்கும் ஆட்டோக்களும் தலைகீழ். அவர் மட்டும் நேராக, அசையாமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் இருந்த இடம் நான்காவது மாடி இல்லை. மூன்றாவது மாடி ஜன்னலுக்கு எதிரே இருந்தார். காலுக்குக் கீழே தரை இல்லை.

இந்தக் கண்ணாடியில் ஒருவர் நேராகத் தெரிந்தால், வெளியே அவர் தலை கீழே இருக்கிறது என்று அர்த்தம்.

போனில் அவரைக் கூப்பிட்டேன். எனக்குப் பின்னால் ஃப்ரிட்ஜின்மேல் அவர் போன் அடித்தது.

கையைக் காட்டினேன். இரண்டு கைகளையும் ஆட்டினேன். அவர் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தாளில் சுருக்கம் விழாமல் இருக்கவேண்டுமே, எல்லாம் எனக்காக. கறுப்புத் துணியைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே வீசி வீசி ஆட்டினேன். அவர் திரும்பவில்லை.

“இங்கே பாருங்கோ” என்று கத்தினேன். பஸ் ஹாரனில் அது எங்கோ போயிற்று.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. அன்றைக்குக் கூப்பிட்டேன். அடிவயிற்றிலிருந்து, தொண்டை கிழிய, “வைத்தீஸ்வரா, உள்ளே போ!” என்று கத்தினேன்.

கேட்டுவிட்டது.

அவர் திரும்பினார். தன் பெயரைச் சொல்லி யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாதவர்போல் அங்குமிங்கும் பார்த்தார். பிறகு ஜன்னலில் என்னைக் கண்டுபிடித்தார். முகமெல்லாம் சிரிப்பு.

வலது கையைத் தூக்கினார். சலாம் போட அல்ல. காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டார்.

இன்னொரு தடவை கேட்பதற்காக ஓர் அடி முன்னால் வந்தார்.