ஆறாத சைலன்சர்

எல்லாவற்றையும் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். அது மழைக்காலமா என்பதுகூட நிச்சயமில்லை.

பாகலூரில் எங்கள் வீட்டு வாசலில், மாதேஷ் அண்ணன் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் அடியில் படுத்து, காரோடு வந்த சைலன்சரை அறுத்து எடுத்தார். புகை தடையில்லாமல் போவதற்கு நேரான குழாய் ஒன்றை வெல்டிங் வைத்தார். அறுத்ததைக் கொல்லைச் சுவரோரம் போட்டார்.

அதன் பிறகு கார் ஓடும்போதெல்லாம் கொல்லையில் கிடந்த சைலன்சர் சுட்டது. அண்ணன் ஓசூரில் வேலை முடிந்து கிளம்பினால் இங்கே சூடேறும். வண்டியை நிறுத்தினால் ஆறும். மணிமேகலை அண்ணி அதைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துத்தான் உலை வைப்பார்.

"உங்கண்ணன் கெளம்பிட்டாரு. நீ போன் போட்டு ரோதனை பண்ணாத" என்று சிரிப்பார்.

ஒரு மாலை அண்ணன் வந்து வண்டியை நிறுத்தி, கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். அண்ணி கொல்லைக்குப் போய்த் திரும்பினார்.

"இன்னும் சுடுது."

"ஆறிடும் புள்ள. சோத்தப் போடு."

அண்ணி போட்டார். சாப்பிடும் அண்ணனின் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் காரின் குழாய் குளிர்ந்துவிட்டது. சைலன்சர் மறுநாள் காலையிலும் சுட்டது.

அந்த வாரமே அண்ணன் காரைப் பழைய இரும்புக் கடையில் உடைக்கக் கொடுத்தார். இப்போது கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறார். நான் காவேரிப்பட்டினத்தில் இருக்கிறேன்; ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். அண்ணி தினமும் அண்ணனுக்குப் பரிமாறிவிட்டு, கார் போன பிறகும் ஆறாத சைலன்சரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்தக் காரில் இன்னும் வந்து சேராதவருக்கு ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைக்கிறார்.